பனி முதல் வேனில் வரை: இராமநாதபுரக் கடற்கரையில் 13 வாரப் படத்தொடர்

தை பிறந்த வாரத்தில் தேவிபட்டினம் கரையில் விடியலுக்கு நின்றால் சூரியன் நேர் கிழக்கில் எழாது. வலப்பக்கம், தெற்கே 21 டிகிரி தள்ளி எழும். பங்குனி முதல் வாரத்தில், மார்ச் 20ஐ ஒட்டி, நேர் கிழக்குக்கு வந்துவிடும். சித்திரைப் பிறப்பன்று இடப்பக்கம், வடக்கே 10 டிகிரியில் இருக்கும். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. ஆக மூன்று மாதத்தில் மூன்று முஷ்டி தூரம் சூரியன் நகர்ந்திருக்கும்.

பனிக்காலம் முடிந்து வேனில் தொடங்குவதைப் படம் பிடிப்பது என்றால் மலர்ந்த தோட்டமும் துளிர்த்த காடும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்தக் கரையில் பருவம் அப்படி மாறாது. வாடைக்காற்று அடங்கிக் கீழ்க்காற்றான கொண்டல் தலைகாட்டும். பாக் நீரிணையின் கலங்கல் தெளியும். உப்பளப் பாத்தியில் முதல் உப்பு விழும். களத்தில் மிளகாய்ப்பழம் காயும். பனையில் பாளை சீவும் சத்தம் கேட்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் ஒரே நாளில் போய் எடுக்கும் படத்தில் எதுவும் தெரியாது. ஒரே இடம், ஒரே சட்டகம், வாரத்துக்கு ஒரு முறை, 13 வாரம் என்று எடுத்து வரிசையாக வைத்தால் தெரியும். அதற்கான செய்முறை இது.

இடங்கள் ஆறு போதும். அதற்கு மேல் வைத்துக்கொண்டால் நான்காவது வாரத்திலேயே ஒன்றிரண்டு விட்டுப்போகும். இந்தத் தொடருக்கு எடுத்துக்கொண்டவை: சூரிய எழுச்சிக்குத் தேவிபட்டினம் கரை, தண்ணீரின் நிறத்துக்கு மண்டபம், அங்கே வடகடலும் தென்கடலும் நடக்கும் தூரத்தில் இருப்பதால், கருவாட்டுக்கும் வலைக்கும் பாம்பன் வடகரை, உப்புக்கு வாலிநோக்கம், மிளகாய்க்கு ஆர்.எஸ். மங்கலம் பக்கத்துக் களம். மணல்மேட்டுக் கொடிக்குத் தனுஷ்கோடி சாலை. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயச் சுவரை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அது பருவத்தைக் காட்டாது. எந்த மாதம் எடுத்தாலும் ஒரே படம்தான்.

கருவிகள் சாதாரணமானவையே. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார் உள்ள) கேமரா ஒன்று, பழையது போதும். கிட் லென்ஸ் 18-55, ஒரு 50 மி.மீ., அதற்கு 12, 20 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் (மிக நெருக்கத்தில் எடுக்க லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் வளையம்). பிரதிபலிப்பை அடக்கும் சி.பி.எல். ஃபில்டர் ஒன்று, ஒரு யூ.வி. ஃபில்டர், டிரைபாட், ஊதுபந்து, பெரிய கறுப்புக் குடை. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர். கைபேசியிலும் தொடரை எடுக்கலாம். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்ட வேண்டும், எச்டிஆரை அணைக்க வேண்டும், ஜூம் செய்யக் கூடாது.

நின்ற இடத்திலேயே மறுபடி நிற்பது

முதல் தவறு இங்கேதான் நடக்கும். மணலில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்தால் அடுத்த வாரம் குச்சி இருக்காது. இருந்தாலும் மணல் நகர்ந்திருக்கும். கைபேசியின் ஜி.பி.எஸ். நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். தூரக் காட்சிக்கு அது பரவாயில்லை, பத்தடி தூரத்தில் படகு நிற்கும் சட்டகத்தில் எல்லாமே இடம் மாறிவிடும்.

இதற்கான விடை கரையிலேயே இருக்கிறது. மீனவர்கள் கடலில் ஓர் இடத்தை மறுபடி பிடிக்கக் கரையில் இரண்டு அடையாளத்தை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். கோபுரத்துக்கு நேராகப் பனை, தேவாலயத்துக்கு நேராக விளக்குக்கம்பம் என்று. இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடமே அவர்கள் தேடும் இடம். கேமராவுக்கும் அதையே செய்யுங்கள். முன்னால் ஒரு ஜோடி, பக்கவாட்டில் ஒரு ஜோடி. ஜோடியில் ஒன்று அருகிலும் மற்றது தொலைவிலும் இருக்க வேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால் நீங்கள் இரண்டடி விலகினாலும் கோடு விலகியது தெரியாது. படகு, வலைக்குவியல், ஓலைக்கொட்டகை ஆகியவற்றை அடையாளமாக எடுக்கக் கூடாது. மின்கம்பம், பனை, கட்டட மூலை என்றால் 13 வாரமும் அசையாது.

முதல் வாரப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, கேமராத் திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு, நான்கு மூலையிலும் என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டுச் சட்டகத்தைச் சரிசெய்ய வேண்டும். டிரைபாடின் உயரத்தையும் குறித்து வையுங்கள். மார்பளவு என்று எழுதினால் பயன் இல்லை. டேப் வைத்து அளந்து, 125 செ.மீ. என்று எழுதுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் எந்த மி.மீ. என்று தீர்மானித்த பிறகு வளையத்தைக் காகித டேப்பால் ஒட்டிவிடுவது நல்லது.

தேவிபட்டினம் சட்டகத்துக்கு மட்டும் கொஞ்சம் கணக்கு வேண்டும். 13 வார சூரியனும் ஒரே சட்டகத்துக்குள் அடங்க வேண்டும். ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் கிடைமட்டத்தில் ஏறத்தாழ 37 டிகிரி பிடிக்கும். சூரியன் நகர்வது 31 டிகிரி. கணக்குக்கு அடங்கும், ஆனால் இரு ஓரத்திலும் மூன்று டிகிரிதான் மிஞ்சும். கேமரா சற்றே திரும்பினாலும் தை மாதச் சூரியன் வெளியே போய்விடும். 28 மி.மீ. வைத்தால் 45 டிகிரி, நிம்மதி. கேமராவின் நடுப்புள்ளி நேர் கிழக்குக்கு 5 டிகிரி தெற்கே இருக்கட்டும். தை மாதத்தில் வலது ஓரத்தில் எழும் சூரியன் வாரம் தோறும் இடப்பக்கம் நகர்ந்து போவதை அந்தத் தொடர் காட்டும். கண்ணாடி வழியே பார்க்கும் வியூஃபைண்டரில் சூரியனைப் பார்க்காதீர்கள், பின்திரையைப் பயன்படுத்துங்கள்.

கடிகாரம் சரிப்பட்டு வராது

வாரந்தோறும் காலை 6:45க்குப் படம் என்று திட்டமிட்டால் தொடர் கெட்டுவிடும். இங்கே தை மாதம் முழுக்கச் சூரிய எழுச்சி 6:35ஐ ஒட்டியே இருக்கும். மாசி நடுவிலிருந்து வேகமாக முன்னால் வரும். சித்திரைப் பிறப்பில் 6:05க்கு வந்துவிடும். தையில் 6:45க்குச் சூரியன் அடிவானத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். சித்திரையில் அதே 6:45க்கு முகத்தில் சுடும். ஆகவே நேரத்தை எழுச்சியிலிருந்து எண்ணுங்கள்: எழுந்து 20 நிமிடம் என்பது எல்லா வாரமும் ஒரே உயரத்துச் சூரியன். மாலைப் படங்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. மூன்று மாதத்திலும் மறைவு ஏறத்தாழ 12 நிமிடம்தான் தள்ளிப்போகிறது. பொழுது நீள்வது பெரும்பாலும் காலைப் பக்கம்தான் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கரை இது. சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். 6 டிகிரி உயர 25 நிமிடம் போதும். மஞ்சள் வெயில் அவ்வளவு நேரம்தான் நிற்கும், அதற்குள் ஒரு இடம்தான் முடியும். ஒரே காலையில் மூன்று இடம் ஓடினால் மூன்றாவது இடத்தில் வெயில் வெளுத்திருக்கும். வாரத்துக்கு மூன்று காலை, மூன்று மாலை என்று பிரித்துக்கொள்வதே வழி.

அமைப்பு: ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப்படம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸின் துளை எஃப் 8, ஒயிட் பேலன்ஸ் (நிறச்சமன்) 5300 கெல்வினில் பூட்டியது. ஆட்டோவில் விட்டால் கேமரா தை விடியலின் நீலத்தையும் பங்குனி விடியலின் மஞ்சளையும் தானே சரிசெய்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எதைக் காட்ட எடுக்கிறோமோ அதையே அழித்துவிடும். தண்ணீர் வரும் சட்டகங்களில் ஷட்டர் 1/250இல் நிலையாக இருக்கட்டும். ஒரு வாரம் 1/250, மறுவாரம் அரை நொடி என்று மாற்றினால், அலை அடங்கியது காற்றாலா கேமராவாலா என்று சொல்ல முடியாது.

உப்பு

ஆறு இடத்திலும் மிக அதிக நேரம் கேட்டது வாலிநோக்கம் உப்பளம். அதற்குத் தகுதியும் உண்டு.

கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் 3 முதல் 3.5 டிகிரி. அது பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் வற்றி, 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பிரியத் தொடங்கும். மழை முடிந்து வரப்பைச் சீர்செய்து, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தையில் நடக்கும். அந்த வாரங்களில் சட்டகம் முழுக்கச் சாம்பல் நிறச் சேறுதான். எடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். எடுக்காமல் விட்டால் பின்னால் வரும் வெள்ளைக்கு மதிப்பில்லை. மாசியில் கடைசிக்கு முந்தைய பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அடர்ந்த உப்புநீரில் மட்டும் வாழும் நுண்ணுயிர்கள் தரும் நிறம் அது. நடுப்பகலுக்கு முன், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதுதான் நிறம் உறைக்கும். எதிர்வெயிலில் வெறும் வெள்ளிப் பளபளப்பு.

காற்றில்லாத காலையில் பாத்தியின் மேற்பரப்பில் உப்பு மெல்லிய ஏடாகக் கட்டும். குனிந்து பார்த்தால் அந்த ஏடு முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் நடுவில் குழிந்து, ஓரம் ஓரமாகப் படிக்கட்டு வைத்த தெப்பக்குளத்தைக் கவிழ்க்காமல் மிதக்கவிட்டதுபோல் இருக்கும். கனம் ஏற ஏற நடு தாழும், தாழ்ந்த விளிம்பைச் சுற்றிப் புதிய வரிசை கட்டும். அதனால்தான் அந்தப் படிகள். காற்று எழுந்ததும் ஏடு உடைந்து அடியில் போய்விடும். வெயில் ஏறிக் காற்று கிளம்பும் முன், ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அதை எடுக்கும் விதம்: 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 12, 20 இரண்டு ட்யூபும் சேர்த்தால் 32 மி.மீ. நீட்சி, 0.64 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். சட்டகத்தின் அகலத்தில் 37 மி.மீ. அடங்கும். எஃப் 11இல்கூடத் தெளிவாக இருக்கும் ஆழம் 2 மி.மீ.க்கும் குறைவு. அதனால் கேமரா தண்ணீருக்குச் சரியாக இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் பாதிச் சதுரங்கள் மங்கும். வானத்தின் பிரதிபலிப்பு ஏட்டை மறைக்கும். அதற்குத்தான் கறுப்புக் குடை: கேமராவுக்கு மேலே குடையை விரித்துப் பிடித்தால் தண்ணீரில் கறுப்பு பிரதிபலித்துப் பின்னணி இருளும். சூரியன் 10 முதல் 15 டிகிரி உயரத்தில், அதாவது எழுந்து 40 முதல் 60 நிமிடத்தில் இருந்தால் வெயில் குடைக்கு அடியில் பக்கவாட்டாக நுழைந்து சதுரத்தின் விளிம்புகளை மட்டும் பற்றவைக்கும். ஷட்டரைத் தொடாமல் 2 நொடி டைமர். ஏடு மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் 1/200க்குக் கீழே போகாதீர்கள், ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

பங்குனியில் வாரிய உப்பு மேட்டில் குவியலாக ஏறும். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். உப்பு அழுக்கு நிறத்தில் வரும். வெளிச்சத்தை 1 முதல் 1.3 ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு வெளிச்சம்). திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது சுவரைத் தொடாமல் பக்கத்தில் நிற்க வேண்டும், தொட்டால் பரலின் மணிமணியான தோற்றம் போய்ச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும்.

வரப்பில் நடப்பதற்கு முன் அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். பூசி ஈரம் காயாத வரப்பில் ஒரு செருப்புத் தடம் பட்டால் தண்ணீர் கசியும், அவர்களுக்கு அரைநாள் வேலை கூடும். பாத்திக்குள் டிரைபாடை இறக்கவே கூடாது.

மிளகாய்க் களம்

இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாசி தொடங்கிச் சித்திரை தாண்டியும் பறிப்பு நடக்கும். பழத்தைக் களத்தில் பரப்பிக் காயவைக்கும்போது சிவப்பு ஒவ்வொரு கட்டத்திலும் வேறு: பறித்த அன்று மினுமினுப்பான பளிச்சென்ற சிவப்பு, காயக் காயத் தோல் சுருங்கிக் கருஞ்சிவப்பு. அந்த நிறமாற்றம்தான் படம். ஆனால் அதைத்தான் கேமரா கெடுக்கும்.

காரணம் எளியது. சாதாரண ஹிஸ்டோகிராம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறத்தையும் கலந்து காட்டும். அதில் எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளே சிவப்பு மட்டும் எல்லை தாண்டியிருக்கும். அப்போது மிளகாய்க்கு மிளகாய் வித்தியாசம் தெரியாமல் சிவப்புச் சாயம் ஊற்றிய தரை மாதிரி வரும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை வைத்துச் சிவப்பை மட்டும் பாருங்கள், 0.7 ஸ்டாப் குறைத்து எடுங்கள். புதுப்பழத்தின் பளபளப்பில் வெள்ளைப் பொட்டு விழும், சி.பி.எல். போட்டால் பாதி அடங்கும். முழுக்க அடக்கிவிடாதீர்கள். கொஞ்சம் மினுக்கம் இருந்தால்தான் அது ஈரப்பழம், பக்கத்தில் இருப்பது வத்தல் என்று தெரியும். களத்தில் லென்ஸ் மாற்றக் கூடாது. கிளறும்போது எழும் தூள் சென்சாரில் ஒட்டும்.

வெளுத்த வத்தலைப் பெண்கள் பிரித்தெடுக்கும் நேரம் மாலை நான்குக்கு மேல். "அக்கா, கையை மட்டும் ஒரு படம் எடுத்துக்கவா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். முகம் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேளுங்கள். மறுவாரம் போகும்போது நான்குக்கு ஆறு அளவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். அதன் பிறகு களத்தில் எங்கே நின்றாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை.

தண்ணீரும் காற்றும்

மண்டபத்தில் தையில் வடகடல் கலங்கிக் கிடக்கும், தென்கடல் அமைதியாக இருக்கும். வாடை நின்றதும் வடகடல் தெளியத் தொடங்கும். பங்குனிக் காலைகளில் அடியில் கிடக்கும் கடற்புல்லை மேலிருந்தே பார்க்கலாம். பார்ப்பது வேறு, கேமராவில் பிடிப்பது வேறு. வானப் பிரதிபலிப்பை நீக்க சி.பி.எல். வேண்டும், அதுவும் குறிப்பிட்ட கோணத்தில்தான் முழுதாக வேலை செய்யும்: பார்வை அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 37 டிகிரி தாழ்ந்திருக்க வேண்டும். நேர் கீழே பார்த்தால் வளையத்தை எவ்வளவு திருகினாலும் மாற்றம் தெரியாது. ஃபில்டர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் ஐஎஸ்ஓவைச் சேர்த்தே கணக்கிடுங்கள். 18 மி.மீ.இல் வானத்தோடு சேர்த்து எடுத்தால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகத் திட்டு விழும். அந்தச் சட்டகத்தில் ஃபில்டரைக் கழற்றிவிடுவதே மேல்.

தனுஷ்கோடி மணல்மேட்டில் அடப்பங்கொடியின் ஊதாப் பூ காலையில் விரிந்து உச்சிவெயிலில் சுருங்கும். எட்டு மணிக்கு முன் போங்கள். இராவணன் மீசை என்னும் மணற்புல்லின் முள்முனையில் தை, மாசிக் காலைகளில் பனித்துளி நிற்கும். பங்குனியில் அதே முனை உலர்ந்து மணலில் அரைவட்டம் கீறியிருக்கும். அந்த இரண்டு படத்தையும் அருகருகே வைத்தால் விளக்கமே வேண்டாம். பூநாரைகள் உப்பங்கழியில் இருக்கும் வரை 300 மி.மீ. லென்ஸோடு போக ஆசை வரும். ஒன்பது மணிக்குமேல் மணற்பரப்பில் கானல் எழும். தூரத்துப் படம் எல்லாம் தண்ணீருக்குள் எடுத்ததுபோல் நெளியும். ஃபோகஸில் குறை இல்லை, லென்ஸிலும் இல்லை. விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுப்பது ஒன்றே தீர்வு. பறவைகள் மேய்வதை விட்டுக் கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள், அங்கேயே நில்லுங்கள். ட்ரோன் வேண்டாம். எல்லைக்கடல் பக்கம், உச்சிப்புளியில் கடற்படை விமானதளம். மன்னார் வளைகுடாத் தீவுகளோ தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் கால்வைக்க முடியாது.

கருவி கெடும் விதமும் சரிசெய்யும் விதமும்

உப்பு காய்ந்திருக்கும்போது தூள்தான். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அது தானே ஈரத்தை இழுத்துக் கரைந்து உப்புநீராகும். கடற்கரையில் இரவு இந்த அளவைத் தாண்டுவது வழக்கம். பகலில் துடைக்காமல் பையில் வைத்த கேமராவின் ஃப்ளாஷ் பொருத்தும் தகட்டிலும் பேட்டரி முனையிலும் இரவோடு இரவாக அரிப்பு தொடங்கும். காலையில் பார்த்தால் பச்சைப் படிவம். ஆகவே துடைப்பது அன்று மாலையே நடக்க வேண்டும்.

வரிசை மாறக் கூடாது. முதலில் ஊதுபந்து. பிறகு டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் உடம்பு முழுக்க ஒத்தி எடுங்கள்; ஒருமுறைக்கு 50 மி.லி. போதும். அதன் பின்தான் உலர்ந்த துணி. லென்ஸ் கண்ணாடியில் உலர்ந்த துணியை முதலில் வைத்தால் உப்புப் பரல் மேற்பூச்சைக் கீறும். அந்தக் கீறல் எதிர்வெயில் படங்களில் பால்போல் பரவும். பச்சைப் படிவத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது பட்ஸ். யூ.வி. ஃபில்டர் சாரலைத் தாங்கும், சரி. ஆனால் சூரியனைச் சட்டகத்தில் வைக்கும் தேவிபட்டினம் படத்துக்கு அதைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் சூரியனுக்கு எதிர்மூலையில் பச்சைப் பொட்டு ஒன்று வரும்.

ஃபில்டர் உப்பு ஏறி இறுகிக்கொள்ளும். கையால் இறுக்கிப் பிடித்துத் திருகினால் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். பழைய ரப்பர் செருப்பின் அடியைத் தரையில் வைத்து, லென்ஸைக் கவிழ்த்து ஃபில்டரின் விளிம்பு முழுக்க ரப்பரில் படும்படி லேசாக அழுத்தி, லென்ஸை மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். விசை சமமாகப் பரவுவதால் பெரும்பாலும் கழன்றுவிடும். கழன்ற பின் மரையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய் விடாதீர்கள், மணலை ஒட்டவைக்கும்.

அந்தச் செருப்பு இன்னொன்றுக்கும் உதவும். மூன்று துண்டாக வெட்டி டிரைபாடின் மூன்று காலுக்கும் அடியில் வைத்தால் ஈரமணலில் கால் இறங்காது. டிரைபாடை நீட்டும்போது கடைசிக் கணுவை, அதாவது ஒல்லியானதை, முதலில் முழுதாக இழுங்கள். அப்போது பூட்டு மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும். மேல்கணுவை முதலில் இழுத்தால் கீழ்ப்பூட்டு மணலோடு மணலாகிவிடும். மறுவாரம் திருகும்போது நறநறவென்று சத்தம் வரும். வந்துவிட்டால் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். கணுவைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள்.

தை, மாசியில் இன்னொரு தொல்லை பனி. திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் லென்ஸ் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்து, கண்ணாடியில் ஈரம் படியும். லென்ஸ் ஹூட் மாட்டி, கேமராவின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவைத்தால் பெரும்பாலும் தப்பலாம். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் நிச்சயம் மூடும். கிளம்புவதற்கு அரைமணி முன்பே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே வையுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமரா தப்பும். வீட்டில் மூடி இறுகும் டப்பாவில் 200 கிராம் சிலிகா ஜெல்லோடு வைக்கலாம். ஆரஞ்சு நிறத்து ஜெல் பச்சையானால் இருப்புச் சட்டியில் சிறுதீயில் வறுத்து நிறம் திரும்பியதும் ஆறவிட்டுப் போடுங்கள்.

கேமரா கடல்நீரில் விழுந்தால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள். அரிசியில் புதைத்து வைப்பது உப்பை எடுக்காது, ஒரு நாளை வீணாக்கும். அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

வரிசைப்படுத்துதல்

ஆறு இடத்துக்கும் 13 வாரத்துக்கும் ஒன்றாக 78 படம். கணினியில் ஒரு படத்துக்குச் செய்த திருத்தத்தை அந்த வரிசை முழுவதற்கும் அப்படியே ஒட்டுங்கள். தனித்தனியாக அழகுபடுத்தினால் தொடர் போய்விடும். வரிசையாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினால் எதிர்பாராதது தெரியும். பாம்பன் வடகரை வரிசையில் வலையும் கருவாடும் மாறுவதைவிட நிழல் மாறுவது கண்ணில் படும். தையில் மரத்தின் காலை நிழல் சற்று வடக்கே சாய்ந்து மேற்கே ஓடும். சித்திரையில் தெற்கே சாயும். வேப்பமரம் ஒன்று சட்டகத்தின் ஓரத்தில் இருந்தால் பங்குனியில் அது செம்புநிறத் தளிரோடு வரும், அடுத்த வாரங்களில் தரையில் பூ உதிர்ந்து கிடக்கும். அதற்காகவே ஒரு வேம்பை ஓரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசிப் படம் காலையில் எடுப்பதில்லை. ஏப்ரல் 13, 14 தேதிகளில் இந்தக் கரையில் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வரும். பகல் 12:13க்கும் 12:16க்கும் இடையில். தொடரில் ஒரு தடவைகூட நடுப்பகலில் எடுக்காமல் இதற்காகவே வைத்திருக்க வேண்டும். கரையில் நட்டிருக்கும் நேரான கம்பம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தூக்குநூல் கட்டிப் பார்த்து, சாயாமல் நிற்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 12:05க்கே சட்டகம் தயாராகட்டும், எஃப் 8, 1/500, ஐஎஸ்ஓ 100இலிருந்து தொடங்கி ஹிஸ்டோகிராமைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். நிமிடத்துக்கு ஒன்றாக 12:20 வரை எடுங்கள். மேற்கே விழுந்திருக்கும் குட்டி நிழல் கம்பத்தின் அடிக்குள் ஒடுங்கி, ஒரு படத்தில் காணாமல் போய், அடுத்ததில் கிழக்கே எட்டிப்பார்க்கும். ஏப்ரல் 15இல் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் தொடங்கும். அதற்குத் தயாராக வலைகளை இறக்கிக்கொண்டிருக்கும் படகுகள் பின்னணியில் நின்றால் சட்டகம் நிறையும்.